‘திருப்தியா?’ என்று யாரிடம் கேட்கிறோம்



பணித்திருப்தி பற்றி ஆய்வு செய்கிறவர்கள் எல்லோரும் ஹெர்ஸ்பெர்க்கைப் படித்தாக வேண்டும். சம்பளம், பணிப் பாதுகாப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றுக்கு 1959-இல் அவர் வைத்த பெயர் ‘சுகாதாரக் காரணிகள்’. இவை இல்லாவிட்டால் அதிருப்தி வரும், ஆனால் இருப்பதாலேயே திருப்தி வந்துவிடாது என்றார். அவர் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். நம் ஊரில் சுகாதாரம் யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், தலித்துகள். பலர் பத்தாண்டுக்கு மேல் தற்காலிகமாகவே வேலை பார்த்தவர்கள். தனியாரிடம் தள்ளாதே, நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

அந்த நாட்களில் நம் பக்கமிருந்தே ஒரு கேள்வி வந்தது. குப்பை அள்ளுவதை நிரந்தரமாக்கச் சொன்னால் சாதித் தொழிலையே நிரந்தரமாக்கியது ஆகாதா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விருப்பமில்லாமல் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையில் மனிதருடைய மனமோ அறிவோ ஈடுபடாது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். நிரந்தரப் பணியாளர் இறந்தால், கருணை அடிப்படையில் மகன் கைக்கும் அதே துடைப்பம் வருவதையும் பார்க்கிறோம்.

சரி, ஒப்பந்தம் யாரை விடுவித்தது? அதே தெரு, அதே வண்டி, அதே சாதி. ஓய்வூதியமும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும்தான் இல்லாமல் போயின. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமானால் அடுத்த வருடமும் சம்பளம் வரும் என்ற உறுதி வேண்டும். இந்த வேலையிலிருந்து அடுத்த தலைமுறை வெளியேறும் வழி பெரும்பாலும் அந்த உறுதியில்தான் தொடங்குகிறது. ஆகவே நிரந்தரத்தைக் கேட்போம். கூடவே படித்த வாரிசுக்கு வேறு பதவி, இயந்திரமயம், பதவி உயர்வு ஆகியவற்றையும் கேட்போம்.

கேள்வித்தாளோடு களத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது தற்காலிகப் பணியாளர் ‘மிகவும் திருப்தி’ என்பதில் வட்டம் போட்டால், ‘என்னை வேலையைவிட்டு எடுத்துவிடாதீர்கள்’ என்றுதான் அதற்குப் பொருள். அவரைத் தனியாகப் பாருங்கள். திருப்தியா என்று கேட்காதீர்கள். ‘நாளைக்குக் காய்ச்சல் வந்தால் என்னக்கா செய்வீங்க?’ என்று கேளுங்கள்.