கேள்விக்கு இடம் தரும் மன்றம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்தின் கலந்துரையாடல் மன்றம் எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பது பற்றிப் பேச எம்மைப் பணித்துள்ளனர். விழா மேடையில் வாழ்த்துக் கூறி அமர்வது எளிது. ஆயினும் மாதந்தோறும் முதல் ஞாயிறன்று கூடும் அம்மன்றத்தில் இப்போது ஆட்களைவிட நாற்காலிகளே மிகுதி என்பதை நாம் அறிவோம்.

நம் முன்னோர் கட்டிடம் இல்லாமலேயே மன்றம் நடத்தியவர்கள். 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலுக்கும் இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கச் சென்ற நம் மக்கள் அதனைப் படித்தனர். படித்ததோடு நில்லாமல், ஐயம் எழுந்தபோது எழுதியும் கேட்டனர். பண்டிதர் அவ்வினாக்களையும் தம் விடைகளையும் இதழிலேயே வெளியிட்டார். தனி மடலில் விடுத்திருந்தால் ஒருவர் மட்டுமே தெளிந்திருப்பார். அச்சேறியமையால், கேட்கக் கூசியவரும் தெளிந்தனர். மறு ஆண்டே வாசகர் விருப்பத்திற்கிணங்க இதழின் பெயர் ‘தமிழன்’ என மாறிற்று. ஆசிரியர் இட்ட பெயரை வாசகர் மாற்ற முடிந்தது!

கருத்து வேறுபாட்டுக்கும் அவர்கள் அஞ்சினார்களில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். பழித்த பெயரைத் தலைநிமிர்ந்து ஏற்பது அவர் நிலை. அப்பெயரே பிறர் நம்மேல் சுமத்தியது என்பது பண்டிதர் நிலை. இருவரும் நெருங்கிய உறவினர். உறவுக்காக எவரும் தம் கருத்தை மறைக்கவில்லை.

1914இல் பண்டிதர் மறைந்தபின் ‘தமிழன்’ தளர்ந்து நின்றது. ஒருவர் தோளிலேயே நின்ற மன்றத்திற்கு அதுவே நேரும். 1926இல் அதனை மீண்டும் எழுப்பியவர் கோலார் தங்கவயல் ஜி. அப்பாதுரையார். வாசகர் ஊராய் இருந்ததே இதழ் நடத்தும் ஊராயிற்று.

இனி நம் மன்றத்துக்கு வருவோம். ஈராண்டுகளுக்கு முன், கல்லூரியில் முதலாண்டு பயின்ற நம் பெண் ஒருத்தி எழுந்து, சங்கத்தின் உதவித்தொகை எவ்வடிப்படையில் வழங்கப்படுகிறது என்று கேட்டாள். “உட்காரம்மா, உனக்கென்ன தெரியும்?” என்றார் ஒரு பெரியவர். சொன்னவர் ஒருவர், வாய் திறவாதிருந்தவர்கள் நாம் அனைவரும். அவள் மறுமாதம் வரவில்லை. பிறகு அவள் தோழியரும் வரவில்லை. தெருவில் நம்மை அமர விடாதவர்களைப் பற்றி அன்று அரைமணி நேரம் பேசியிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் பெண்களும், நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கச் செல்வோரும் நாம் குறித்த நேரத்திற்கு வர இயலாது. வந்தாலும் மேடை நோக்கிப் பேசத் துணிவு வேண்டும். ஆகவே செயற்குழு ஒரு வினா ஏடு திறந்துள்ளது. எவரும் எழுதலாம், எழுத நேரமில்லாதவர் சொல்லியனுப்பலாம். பெயரிட விரும்பாதவர் விடலாம். வினாவை அடிப்பதற்கோ கிழிப்பதற்கோ தலைவருக்கும் உரிமையில்லை. விடை கூறுபவர் மட்டும் பெயரும் தேதியும் இட்டு எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டல் வேண்டும். மறுப்பவர் அதன் கீழேயே எழுதலாம். கூட்டத் தலைமையும் மாதந்தோறும் மாறும்.

முதற் பக்கத்தில் அப்பெண்ணின் வினாவை, அவள் இசைவு பெற்று, நாமே எழுதியுள்ளோம். உதவித்தொகைக் கணக்குடன் விடையளிக்க வேண்டிய நாள் வருகின்ற முதல் ஞாயிறு. அவளையும் அழைத்திருக்கிறோம்.