உயிரணு உண்ணும் உணவு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஆராய்ச்சிப் படிப்பென்று நாம் பேச்செடுத்தாலே, "அது நமக்கு எட்டுமா, ஐயா?" என்கின்றனர் நம் பிள்ளைகள். ஆதலின் ஒரு மாணவியின் வரலாற்றை இங்குக் கூற விழைகின்றோம்.

ஜூவல் பிளம்மர் காப் 1924ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. தந்தையார் மருத்துவர், வீட்டில் நூல்கள் இருந்தன. நம் பிள்ளைகட்கு அவ்வாய்ப்பில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்க்கு விடுதியைப் பிரித்து வைத்திருந்தனர். அதனைப் பொறாது வெளியேறி, அலபாமாவின் டல்லடேகா கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். ஊர்ப்பெயர் கேட்டவுடன் "அறை காலியில்லை" என்ற வாசல்களில் நின்ற நமக்கு அவ்வெளியேற்றத்தை விளக்க வேண்டுவதில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகம் முதலில் உதவித்தொகை மறுத்தது. அவர் நேரிற்சென்று தம் தகுதியை எடுத்துரைத்துப் பெற்றார். தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாகும் முறையை ஆராய்ந்து 1950இல் முனைவரானார். எந்நிறத்தின் பொருட்டு இடம் மறுத்தனரோ, அந்நிறமே அவர்தம் ஆய்வுப் பொருளாயிற்று!

பின்னர் ஹார்லெம் மருத்துவமனையில் ஜேன் ரைட் அம்மையாருடன் புற்றுநோய் ஆய்வில் இறங்கினார். கீரையிலுள்ள ஃபோலிக் அமிலம் இன்றி உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்க இயலாது. படியெடாது பிளவுபடவும் இயலாது. ஓயாது பிளவுறும் புற்றணுவுக்கோ அதன் தேவை மிகுதி. மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தது. பூட்டுக்குள் நுழைந்தும் திறவாத கள்ளச்சாவியைப்போல் அது நொதியைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. நோயாளரின் கட்டியிலிருந்து எடுத்த திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, இத்தகைய மருந்துகள் செய்யும் மாற்றங்களை அவர் நோக்கினார். குடலணுவும் மயிர்க்காலும் விரைந்து பிளவுறுவனவே. ஆதலின் அவையும் இம்மருந்தால் துன்புறும்.

இதைக் கேட்டு எவரும் நோயாளிக்குக் கீரையை நிறுத்திவிடலாகாது. புற்றைத் தீர்க்கும் கீரையென்று சந்தையில் விற்பாரையும் நம்பலாகாது. உணவு குறித்து மருத்துவரையே கேளுங்கள்.

முனைவர் படிப்பிற்குப் பட்டியல் வகுப்பினர்க்கென மைய அரசின் உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் ஞாயிறு காலை நம் வீட்டிற்கு வருக. சான்றிதழ்களை மறவாது கொணர்க.