புரளாத ஏட்டில் பக்கக் கணக்கு

இணையத்தளத்தில் ஒரு பக்கத்தை விட்டு மற்றொன்றுக்குச் சென்றால், பழைய பக்கம் அடியோடு மறைந்து புதிய பக்கம் சர்வரிலிருந்து முழுவதுமாக வந்து சேருவதே முன்னாள் வழக்கம். பார்வைகளை எண்ணும் நிரலும் பக்கம் வந்து இறங்குந்தோறும் ஒன்று கூட்டிக்கொள்ளும்.

இன்று பெங்களூரிலும் புனேயிலும் நம்மவர் பலர் எழுதிவரும் ஒற்றைப்பக்கச் செயலிகளில் ஏடு ஒரே முறைதான் வருகிறது. பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே உள்ளடக்கத்தை மாற்றி, 'புஷ்ஸ்டேட்' என்னும் கட்டளையால் பிரவுசரின் முகவரியையும் மாற்றிவிடுகிறது. வாசகர் பத்துப் பக்கம் படித்தாலும் பழைய கணக்கில் ஒன்றே ஏறும்.

'பாப்ஸ்டேட்' என்னும் நிகழ்வைக் கவனித்தால் போதாதா என வினவலாம். போதாது. வாசகர் முன்னோ பின்னோ செல்லும் பொத்தானை அழுத்தும்போது அஃது எழும்; புஷ்ஸ்டேட் முகவரியை மாற்றும்போது வாய் திறவாது. ஆகவே பக்கத்தை மாற்றும் நிரற்பகுதியே கணக்குக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கூகிள் அனலிடிக்ஸின் நான்காம் பதிப்பில் முகவரி மாற்றத்தைத் தானே கவனிக்கும் வசதி உண்டு. அஃது இயங்கும்போதே நிரலரும் தம் பங்குக்கு ஒரு செய்தி அனுப்பினால், ஒரு பார்வை இரண்டாகிவிடும். தலைப்பு மாறுமுன் செய்தி சென்றாலோ, புதிய முகவரிக்குப் பழைய தலைப்புப் பதிவாகும். கண்டுபிடிக்கச் சலிப்பூட்டும் பிழை இது.

பொறியாளர் தலைவலி என்று இதனை நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. பல மொழிகளில் நடக்கும் ஒரு தளத்தை எண்ணிப் பார்ப்போம். டில்லியில் வாழும் தமிழன்பர் ஒருவர் அதைத் திறக்கிறார். ஆங்கிலப் பக்கம் வருகிறது. 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்துகிறார். எழுத்தெல்லாம் தமிழாகிறது, முகவரி மட்டும் மாறவில்லை. தானே கவனிக்கும் வசதிக்கும் இது புலப்படாது. அவர் அரைமணி நேரம் தமிழில் படித்தாலும் கணக்கேட்டில் ஆங்கில வாசகராகவே நிற்கிறார். ஆண்டிறுதியில் அவ்வேட்டைப் புரட்டும் நிர்வாகி, தமிழுக்கு வாசகர் இல்லை, மொழிபெயர்ப்புச் செலவை நிறுத்துக என்று எழுதினால், அவரைக் குறை கூறுவது எங்ஙனம்?

அத்தகைய தளத்தை எழுதுவோர் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி தருவாராக. தலைப்பு மாறிய பின், மொழியின் பெயரோடு, ஒரே ஒரு முறை செய்தி அனுப்புவாராக. பட்டியலை வரிசை மாற்றிப் பார்ப்பதையெல்லாம் புதிய பக்கமாகக் கொள்ள வேண்டுவதில்லை. அதற்கு 'ரிப்ளேஸ்ஸ்டேட்' உண்டு. ஆயினும் தானியங்கிக் கவனிப்பு அதையும் எண்ணிவிடக்கூடும் என்பதால், அவ்வசதியை நிறுத்திவிட்டுத் தாமே எண்ணுவதே நலம். முகவரியில் வாசகரின் தொலைபேசி எண் இருக்குமாயின், அதனை நீக்கிய பின்னரே கணக்குக்கு விடுத்தல் வேண்டும்.