மாணவர் விவரங்களும் நம் நாவடக்கமும்

பிள்ளையை ஒன்றாம் ஆண்டில் சேர்க்க வரும் தாயின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பாதி வரலாறு அதில் அடங்கிவிடுகிறது. அந்தக் காகிதங்களை வாங்கி வைத்த பிறகு அவை யார் யார் கண்ணில் படலாம், யார் கண்ணில் படக்கூடாது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

முதலில் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில், சில பத்திரங்களில், தகவல் பெறப்படவில்லை என்று அச்சாகியிருக்கும். இன்னும் சிலவற்றில், பிள்ளை குடிமகன் அல்லர் என்றிருக்கும். நம் சமூகத்தில் இத்தகைய பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. இதைப் பதிவுசெய்யும் ஆசிரியர் அறியத்தான் வேண்டும். விண்ணப்பங்களுக்கு வழிகாட்டவும் அது தேவைப்படும். ஆனால் சிற்றுண்டிச் சாலையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவதற்குரிய செய்தியா அது? லயத்தின் ஒரு கோடியில் சொன்னது மறு கோடிக்குப் போய்ச்சேர ஒரு பொழுதுகூட வேண்டாமே! பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையோ ஆறாண்டு அதே வகுப்புத் தோழர்களோடு உட்கார வேண்டும்.

அடுத்து, அடையாள அட்டை எண். அதைப் பலர் வெறும் எண் என்றே எண்ணுகிறார்கள். அதில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடத்தைக் குறிக்கும். 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பிள்ளையின் மைகிட்டில் உள்ள எண்ணே 12 வயதில் எடுக்கும் மைகார்டிலும் தொடர்கிறது. வாழ்நாள் முழுவதும் அது மாறுவதில்லை. ஆகவே விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பட்டியலை அந்த எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பெயரும் வகுப்பும் போதுமான இடத்தில் எண் எதற்கு?

வருமானப் படிவம் இன்னும் நுட்பமானது. துணை உணவுத் திட்டத்திற்கும் ஏழை மாணவர் நிதிக்கும் குடும்ப வருமானத்தைக் கேட்டே ஆகவேண்டும். கேட்பதில் தவறில்லை, அதை ஊரறியச் செய்வதில்தான் தவறு. நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், இலவச உணவு பெறுவோரின் பெயர்களைச் சபைகூடலில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மறுநாளிலிருந்து நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் சாப்பிட வரவில்லை. பசி இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். வகுப்பாசிரியர் பெயரைக் கூவாமல், அந்தந்தப் பிள்ளையிடம் தனியே சொல்லி அனுப்பியிருந்தால், உணவும் போய்ச் சேர்ந்திருக்கும், மானமும் நின்றிருக்கும்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் விவரங்களுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. டியூஷன் நிலையம் பெற்றோரிடம் வாங்கும் விவரங்களுக்கு இச்சட்டம் உண்டு. பள்ளி அலமாரியில் உள்ளவற்றுக்கோ, சட்டத்தைவிட ஆசிரியரின் கட்டுப்பாடே பெரிய காவல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே டியூஷன் நிலையத்தார் சிலர், "ஆறாம் ஆண்டு மாணவர் பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் கொடுங்கள், சார்" என்று நம்மிடம் வருகிறார்கள். புத்தகம் விற்பவர்களும் வருகிறார்கள். நல்ல மனத்தோடு கேட்டாலும் கொடுக்கலாகாது. அவர்களுடைய துண்டறிக்கையை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். விருப்பமுள்ள பெற்றோர் தாமே அழைத்துக்கொள்வார்கள்.

இனி, புலனக் குழு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை நின்றதாகத் தெரியவில்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை தரப்படுகிறது. அந்தப் பட்டியலை அப்படியே படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டால், 2-ஆம் நிலையில் உள்ள பிள்ளையின் பெயர் 30 வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? தனித்தனியே அனுப்பினால் நேரமாகும் என்பார்கள். ஆகட்டுமே! பெற்றோரை நேரில் அழைத்துக் காட்டுவதற்கும் நேரம் ஆகத்தான் செய்யும்.

பெற்றோருக்கும் சில சொற்கள். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, பள்ளிப் பதிவுக்கு மட்டும் என்று எழுதித் தேதியும் இடுங்கள். தங்கள் பிள்ளையின் தேர்ச்சி விவரத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு வலிப்போ ஆஸ்துமாவோ இருந்தால் வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். அதை அறிந்தவர் யார் யார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். மறைவாக வைப்பது வேறு, அழித்துவிடுவது வேறு. தோட்டம் விற்கப்பட்டுப் பள்ளி இடம் மாறும்போது, பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் குப்பையென்று எண்ணி எரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. பல்லாண்டுக்குப்பின் ஒருவர் தாம் இந்த நாட்டில், இந்தத் தோட்டத்தில் படித்தவர் என்று காட்ட வேண்டிய நிலை வரும்போது, செல்லரித்த அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியே அவருக்குத் துணை. ஆகவே பள்ளி மாறுமுன், தலைமையாசிரியரும் இன்னோர் ஆசிரியரும் உடனிருந்து பதிவேடுகளை ஆண்டுவாரியாக எண்ணி, பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு, இரும்பு அலமாரியோடு புதுக் கட்டடத்திற்கு ஏற்ற வேண்டும். கறையான் வராதபடி அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கட்டும்.