மூன்று பேர், ஒரு கலம், கொஞ்சம் காற்று

(நம் குடியிருப்போர் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் நம்முடையது. அதனால் இன்றைக்கு ஒரு பிரெஞ்சுக் கதை. ஜூல் வெர்ன் எழுதிய 'நிலாவைச் சுற்றி'. 1870-ல் நூலாக வந்தது. ராட்சத பீரங்கியில் சுட்ட குண்டுக்குள் உட்கார்ந்து மூன்று பேர் நிலாவுக்குப் போகிறார்கள். வழியில் ஒரு விண்கல் பக்கத்தில் கடந்துபோக, அதன் ஈர்ப்பில் பாதை விலகிவிடுகிறது. நிலாவில் இறங்கவும் முடியவில்லை, ஊர் திரும்பவும் வழி தெரியவில்லை.

பீரங்கிப் பயணம் நடக்காத காரியம். கிளம்பும் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும். ஆனால் காற்று விஷயத்தில் வெர்ன் சரியாக யோசித்திருக்கிறார். பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் எடுக்கிறார்கள். நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளத் தனியாக ஒரு ரசாயனம். மூடிய கலத்தில் ஆக்சிஜன் இருந்தால் மட்டும் போதாது, கெட்ட காற்று வெளியேறவும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1970 ஏப்ரலில், இது நிஜமாகவே நடந்தது. நிலாவுக்குப் போன அப்பல்லோ 13-ல் ஆக்சிஜன் டாங்க் வெடித்தது. அதிலும் மூன்று பேர்: லவெல், ஸ்வைகர்ட், ஹெய்ஸ். நிலாவில் இரண்டு பேர் இறங்குவதற்காகச் செய்த சின்னக் கலத்துக்குள் மூவரும் ஒண்டிக்கொண்டார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஹீட்டர் உட்பட பெரும்பாலானவற்றை அணைத்தார்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

அங்கேயும் ஆபத்தாக வந்தது கெட்ட காற்றுதான். காற்றைச் சுத்தம் செய்யும் டப்பாக்கள் தாய்க்கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம், சின்னக் கலத்தின் துளைகளோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், டேப் கொண்டு எப்படிப் பொருத்துவது என்று தரையிலிருந்து சொல்லச் சொல்லச் செய்தார்கள். ஏப்ரல் 17 அன்று, வெர்ன் கதையைப் போலவே, பசிபிக் கடலில் வந்து விழுந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல முடியாது. இறங்குகலத்தை உயிர்காக்கும் படகாக்க முடியுமா என்று முந்தைய வருஷமே பயிற்சியில் யோசித்து வைத்திருந்தார்கள்.

நம் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல், தண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் கரையிலேயே கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல். கரன்ட் போய்விட்டால் நம் கட்டடமும் ஒரு கலம்தான். ஜெனரேட்டரில் இருக்கும் டீசலுக்கு முதலில் எதை ஓட்டுவது? லிஃப்டா, தண்ணீர் மோட்டாரா? மூன்றாம் மாடியில் முட்டி வலியோடு இருக்கும் பாட்டிக்கு ஒரு பதில், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு வேறு பதில். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இருட்டில், படிக்கட்டில் நின்று வாதாடி முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

என் யோசனை இது: மோட்டாருக்கு முதலிடம், அடுத்து படிக்கட்டு விளக்கு. லிஃப்ட் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். இன்சுலின் வைக்கவும் போன் சார்ஜ் போடவும் கீழே ஒரு பொது இடம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பொதுக்குழுவில் முடிவு செய்து, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுவோம்.