சினிமாப் படிப்பும் சர்வகலாசாலையும்

(ஓமலூரில் நடைபெற்ற கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் ஜாதியைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ பேசப் போவதாக நினைத்து வந்திருப்பீர்கள். பேச்சு கடைசியில் அங்குதான் வந்து நிற்கும் என்றாலும் துவக்கம் வேறு. கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் இவ்வூர்த் தகப்பனார் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, எம்புள்ள பன்னண்டாவது முடிச்சுப்போட்டு, மெட்ராசுல போயி சினிமாவுக்குப் படிக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. ஊரே சிரிக்குதுங்க. நீங்க நாலு வார்த்தை புத்தி சொல்லோணும்" என்றார். யாருக்குப் புத்தி சொல்வது என்பதை அவர் சொல்லவில்லை. ஆதலால் ஊருக்கே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக் கொண்டோம்.

ஊர் ஏன் சிரிக்கின்றது? புதுப்படம் வந்தால் விடியற்காலையிலேயே கொட்டகை வாசலில் போய் நிற்கின்றது இந்த ஊர். நடிகனுடைய கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகின்றது. அவன் கட்சி ஆரம்பித்தால் ஓட்டும் போடுகின்றது. ஆனால், தன் வீட்டுப் பிள்ளை அந்தத் தொழிலை முறையாகப் படிக்கின்றேன் என்றால் மட்டும் "கூத்தாடிப் பிழைப்பு" என்கின்றது! கூத்தாடுகிறவன் கீழானவன் என்று சாஸ்திரம் எழுதி வைத்தவன் செத்துப் பலநூறு வருஷமாகிறது. அவன் எழுதினது மட்டும் இன்னும் நம் வாயில் உட்கார்ந்து பேசுகின்றது. கையால் செய்கிற வேலை எதுவாயினும் அதைக் கீழென்று சொல்வதும், அதன் பலனை மட்டும் மேலென்று அனுபவிப்பதும்தானே வருணாசிரமம்?

"நீங்களே சினிமாவைத் திட்டுகிறவர்களாயிற்றே" என்று சில தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். சினிமாவை நாம் பல மேடைகளில் கண்டித்திருக்கின்றோம். அதில் ஒரு வார்த்தையையும் இப்போது வாபஸ் வாங்கிக் கொள்ளவில்லை. பெரியார் அவர்கள் சினிமாவை இந்நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்று என்றே சொன்னார். நோய் என்றால் என்ன செய்ய வேண்டும்? வேப்பிலை அடித்தால் தீருமா? அதன் கிருமி எது, எப்படிப் பரவுகின்றது என்று ஒருவன் உட்கார்ந்து படித்தால்தானே வைத்தியம் உண்டு? நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லுவதற்கு முதற்காரணம் இதுவே.

சினிமாவுக்கும் சர்வகலாசாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பத்துக் கல் தூரத்திலுள்ள சேலத்திலேயே பதில் இருக்கின்றது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு ஒன்று மிஞ்சி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1930-களின் நடுவில் அந்த ஸ்டூடியோவை ஏற்படுத்திய டி.ஆர். சுந்தரம் அவர்கள் நம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் துணித் தொழில் படித்தவர். அங்கு வந்து படம் டைரக்ட் செய்தவர்களில் எல்லிஸ் ஆர். டங்கன் என்று ஓர் அமெரிக்கர். அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாவையே பாடமாகப் படித்தவர். அந்தச் சர்வகலாசாலையில் 1929-லேயே சினிமா வகுப்பு துவக்கிவிட்டார்கள். தமிழில் முதல் பேசும்படம் வந்தது 1931-ல். அதாவது நம்முடைய சினிமாவுக்கு வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் அதைப் பாடமாக்கிவிட்டார்கள்.

டங்கன், கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் என்னும் இந்திய நண்பரோடு 1935-ல் சில மாதம் இருந்து போகலாம் என்று வந்தவர். 15 வருஷம் இங்கேயே தங்கிவிட்டார். 1936-ல் அவர் எடுத்த "சதி லீலாவதி"யில்தான் எம்.ஜி.ஆர். அவர்கள் முதன் முதலாகத் திரையில் தலைகாட்டினார். 1950-ல் சேலத்தில் "மந்திரி குமாரி" எடுக்கப்பட்டது. டங்கனும் சுந்தரமும் டைரக்ஷன். வசனம் நம் கலைஞர் கருணாநிதி. ஒருவர் துணி நெய்யப் படித்தவர், ஒருவர் சினிமாவுக்கே படித்தவர், ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவர்! இம்மூவரும் சேர்ந்து செய்த படம் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், டங்கனுக்குத் தமிழ் பேசத் தெரியாது. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப்படம் எப்படி எடுத்தார்? கேமராவை எங்கே வைத்தால் எது பெரிதாகத் தெரியும், விளக்கை எந்தப் பக்கம் போட்டால் முகத்தில் எங்கே நிழல் விழும், எந்தக் காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சியை ஒட்டினால் பார்க்கிறவன் மனம் என்ன நினைக்கும் என்பவை கலிபோர்னியாவிலும் ஒன்றுதான், சேலத்திலும் ஒன்றுதான். அது படித்து வருவது. கலைமகள் கடாட்சம் கப்பலேறி வரவில்லை. கலையென்பது பூர்வ ஜன்ம வாசனை, இரத்தத்தில் ஓடுவது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆசாமியே போதுமான பதில்.

உடனே நம் எதிரிகள், "கருணாநிதி எந்தச் சர்வகலாசாலையில் படித்தார்?" என்பார்கள். வாஸ்தவம். அவருக்கு நாடக மேடையும், பத்திரிகையும், இந்த இயக்கமுமே பள்ளிக்கூடம். இதைச் சொல்லுகிற நாமும் காலேஜ் வாசற்படி மிதித்தவரல்லர். வாசகசாலையில் பிறர் காசு கொடுத்து வாங்கின பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் இந்த மேடைக்கு வந்தோம். அதனாலேயே சொல்லுகின்றோம், அந்த வழி நல்ல வழியல்ல. ஒரு வருஷத்தில் கற்கக் கூடியதற்குப் பத்து வருஷம் பிடித்தது. படிக்காமல் மேலே வந்த ஒருவரைக் காட்டுகிறவர்கள், படிக்க இடமில்லாததால் கீழேயே போய்விட்ட ஆயிரம் பேரைக் காட்டுவதில்லை. அவர்கள் பெயர் நமக்கே தெரியாதல்லவா?

சரி, அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கின்றார்கள்? ஒரு பாடத்தை மட்டும் சொல்லுகின்றோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ருஷ்யாவில் புரட்சிக்குப் பின் 1919-ல் மாஸ்கோவில் சினிமாவுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள். அங்கே பாடம் சொன்ன குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகனுடைய முகத்தை, எவ்வித உணர்ச்சியுமின்றி சும்மா பார்ப்பது போல் உள்ள படத்துண்டை எடுத்துக் கொண்டார். அதற்கு அடுத்தாற்போல் ஒரு தரம் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினார். இன்னொரு தரம் பிணப்பெட்டியை ஒட்டினார். மற்றொரு தரம் ஒரு பெண்ணை ஒட்டினார். பார்த்தவர்கள், "ஆகா, என்ன பசி! என்ன துக்கம்! என்ன ஆசை! எப்படி நடிக்கிறான்!" என்று புகழ்ந்தார்களாம். முகமோ ஒரே முகம். அவன் ஒன்றுமே செய்யவில்லை. பசியும் துக்கமும் ஆசையும் பார்த்தவன் மனத்திலிருந்து வந்தவை.

தோழர்களே! இதைப் படித்தபோது நமக்கு நம் ஊர்க் கோயில்தான் ஞாபகத்திற்கு வந்தது. கல்லுக்கும் ஒரே முகம்தான். கலியாணம் முடிந்து வருகிறவன், "சாமி சிரிக்குது" என்கிறான். பிள்ளைக்கு அம்மை வார்த்தவள், "ஆத்தா கோவமா இருக்கா" என்கிறாள். மாஸ்கோவில் ஒரு வகுப்பறையில் நிரூபித்துக் காட்டினதை நம் குருக்கள் பரம்பரை பரம்பரையாகப் பாடமில்லாமலே நடத்தி வருகின்றார்கள். தட்டில் காசும் விழுகின்றது. இந்தச் சூட்சுமத்தை நம் வீட்டுப் பெண் ஒருத்தி சர்வகலாசாலையில் போய்க் கற்று வருவது வேண்டாம் என்று யாருக்குத் தோன்றும்? ஏமாற்றிப் பிழைப்பவனுக்குத்தான் தோன்றும்.

இது விளையாட்டுக்குச் சொல்லும் சங்கதியல்ல. பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று எச்சரிப்பதற்காக ஒரு சிறு படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். உடனே திரும்பி வந்து இறக்கிவிட்டு எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். யாரோ ஒரு அயோக்கியன் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்" என்று இந்தியா முழுவதும் செல்போனில் பரப்பிவிட்டான். இம்மாதிரி வதந்திகள் பரவியிருந்த 2018 மே மாதத்தில் நம் திருவண்ணாமலை ஜில்லாவில், கோயிலுக்குப் போன வயதான அம்மாள் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகள்பேரில் பாசமுள்ளவர்கள்தான். ஆனால் எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்கள். எழுத்துத் தெரியாதவன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தான். படத்தைப் படிக்கத் தெரியாதவன் கொலைகாரனாகவே ஆகிவிட்டான். எழுத்துக்கு ஊர்தோறும் பள்ளிக்கூடம் கேட்ட நாம், படத்துக்குப் பள்ளிக்கூடம் கேட்டால் சிரிப்பதா?

இனி, "கோடம்பாக்கத்தில் ஒரு டைரக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தால் தானே வந்துவிடாதா, படிப்பு எதற்கு?" என்கிற வாதம். இது குருகுல வாதம். சேர்த்துக் கொள்கிறவன் யாரைச் சேர்ப்பான்? தம்பியை, மச்சினனை, சொந்த ஜாதிக்காரனை. சம்பளமில்லாமல் நான்கு வருஷம் அவன் பின்னால் சுற்ற எவனால் முடியும்? பட்டணத்தில் வீடும் சோறும் உள்ளவனால் முடியும். ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பேசப்படுகிற பி.ஆர். விஜயலட்சுமி அம்மையார் 1985-ல் "சின்ன வீடு" படத்துக்குக் கேமரா பிடித்தார்; நமக்குப் பெருமைதான். அவருடைய தகப்பனார் பி.ஆர். பந்துலு, பெரிய டைரக்டர். அவருக்கு வாசல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஓமலூரில் கடலைக்காட்டில் களை எடுக்கிற தாயின் மகளுக்கு வாசல் எங்கே இருக்கின்றது? பரீட்சை எழுதி, மார்க்கு வாங்கி, இட ஒதுக்கீட்டில் இடம் கேட்டு உள்ளே போகும்படியான வாசல் சர்க்கார் கல்லூரி ஒன்றுதான். அங்கே "நீ யார் மகள்?" என்று கேட்க முடியாது, கேட்டால் வழக்குப் போடலாம்.

அப்படி வந்தவர்கள் உண்டா? உண்டு. கேரளத்தில் மின்விளக்கில்லாத கிராமத்தில் பிறந்த ரசூல் பூக்குட்டி, புனா சினிமாக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து 1995-ல் வெளியே வந்து, 2009-ல் ஆஸ்கார் பரிசு வாங்கினார். (மேடையேறி அவர் "ஓம்" என்கிற சப்தத்தைப் புகழ்ந்தார், பரிசு வாங்கிக் கொடுத்ததென்னவோ பௌதிக சாஸ்திரம்.) சென்னை சினிமாக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் கூடி 1986-ல் "ஊமை விழிகள்" எடுத்தபோது கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்தது.

கல்லூரிகளுக்குள் எல்லாம் சமத்துவம் தாண்டவமாடுகின்றது என்று நாம் சொல்ல வரவில்லை. கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரில் உள்ள சினிமாக் கல்லூரியில் ஜாதி வேற்றுமை காட்டுகிறார்கள், இட ஒதுக்கீட்டைப் புறக்கணிக்கிறார்கள் என்று 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 ஜனவரியில் டைரக்டர் ராஜினாமா செய்தார். ஒரு தாழ்த்தப்பட்டவர் ஜனாதிபதியானதைக் கொண்டாடி அவர் பெயரை வைத்த கட்டடத்துக்குள்ளேயே இக்கதி! புனாவிலும் 2015-ல், டெலிவிஷன் மகாபாரதத்தில் தருமராக வேஷம் போட்டவரைத் தலைவராக நியமித்தபோது, எந்தத் தகுதியால் என்று கேட்டுப் பிள்ளைகள் 139 நாள் வகுப்புக்குப் போகவில்லை. போலீஸ் வழக்கில் மாட்டிக் கொண்டவர்களில் பாயல் கபாடியா என்னும் பெண்ணும் ஒருவர். அவரே 2024-ல் பிரான்ஸ் தேசத்தில் கான் விழாவில் இரண்டாவது பெரிய பரிசை வாங்கி வந்தார். கேள்வி கேட்டதால் அந்தப் பெண் கெட்டுப் போய்விடவில்லை என்பதைத் தகப்பன்மார்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் படித்தவர்களையும் நாம் கண்டிக்காமல் விட முடியாது. வினாடிக்கு 24 படம் ஓடுவதால் அசைவு தோன்றுகிறது என்று படித்தவன், லென்ஸுக்குள் ஒளி எப்படி வளைகிறது என்று பரீட்சை எழுதித் தேறினவன், முதல்நாள் சூட்டிங்கில் ராகுகாலம் பார்க்கின்றான். கேமராவுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகின்றான். பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போகின்றான். அவ்வளவு பூஜை போட்ட படங்கள் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை பெட்டிக்குள் போவதை நாம் பார்க்கவில்லையா? இப்படிச் செய்கிறவன் மார்க்கு வாங்கியிருப்பான், படித்தவனாக மாட்டான்.

இப்போது காரியத்திற்கு வருவோம். சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் 1945-ல் ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் துவக்கின படிப்புத்தான் வளர்ந்து, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரால் சர்க்கார் சினிமாக் கல்லூரியாக இருக்கின்றது. முன்பு டிப்ளமா, இப்போது பி.வி.ஏ. என்கிற நான்கு வருஷப் பட்டம். பன்னிரண்டாவது தேறினவர்கள் சேரலாம். ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் பௌதிகமும் ரசாயனமும் படித்திருக்க வேண்டும். சினிமா என்றால் புத்தகத்தை மூடிவிடலாம் என்று நினைக்கும் பையன்கள் இதைக் காதில் போட்டுக் கொள்ளட்டும். ஒவ்வொரு பிரிவிலும் இடம் வெகு சொற்பம்; ஆகையால் கிடைக்காமலும் போகலாம். சென்னைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு, சேலம் போகும் ரோட்டில் கருப்பூரில் 1997-ல் பெரியார் பெயரால் ஏற்பட்ட சர்வகலாசாலை இருக்கின்றது; அதைச் சேர்ந்த கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் என்று பி.எஸ்ஸி. படிப்பு உண்டு. சேர்க்கும்போது ஒன்று கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு கேமரா? வாரத்துக்கு எத்தனை மணி அது பிள்ளை கையில் இருக்கும்? விளம்பரத் தாளில் மட்டும் கேமரா வைத்திருக்கிற கல்லூரிகளும் ஏராளம்.

சோறு போடுமா என்கிறீர்கள். நிச்சயம் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். எல்லோரும் டைரக்டராக முடியாது. ஆனால் ஒலி பதிக்கவும், படம் வெட்டி ஒட்டவும், விளக்குப் போடவும் தெரிந்தவனுக்கு டெலிவிஷனிலும் கலியாண வீட்டிலும் விளம்பரக் கம்பெனியிலும் வேலை இருக்கின்றது. பட்டம் இருப்பதால் வேறு சர்க்கார் பரீட்சையும் எழுதலாம். ஜோசியன் சொன்னான் என்று கடன் வாங்கிப் பரிகாரம் செய்கிறவர்கள், அந்தக் கடனைப் படிப்புக்கு வாங்கினால் நஷ்டமொன்றுமில்லை.

அந்தத் தகப்பனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். மகளையும் கூட்டி வந்திருக்கின்றார். இவ்வளவு நேரமும் அந்தப் பெண் நம்மைச் செல்போனில் படமெடுத்துக் கொண்டிருப்பதை நாம் கவனித்தோம். பேசுகிற நம்மை விட்டுவிட்டு அடிக்கடி உங்கள் பக்கமும் திருப்பினார். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டிய இடம் ஒன்று உண்டு. கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வரட்டும். பேனா நம்மிடம் இருக்கின்றது.