பங்கு போடக் கூடாத பாக்கெட்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது ஒரு சின்ன பாக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ரொம்பவும் மெலிந்துபோன குழந்தைகளுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கிற மல்லாட்டை பேஸ்ட் பாக்கெட் அது. புத்தகத்தில் வேர்க்கடலை என்று எழுதினாலும் நமக்கு அது மல்லாட்டைதான்.

"நம்ம கொல்லையிலேயே மல்லாட்டை விளையுது. அதை அரைச்சு பாக்கெட்டுல எதுக்குத் தரணும்?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பதில் பார்ப்போம்.

உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள பாக்கெட்டின் எடை 92 கிராம். அதில் 500 கலோரி சக்தி இருக்கிறது. அதே எடைக்கு வெறும் மல்லாட்டை எடுத்தாலும் ஏறக்குறைய அதே கலோரிதான். புரதம் பாக்கெட்டில் சுமார் 13 கிராம். மல்லாட்டையில் 20 கிராமுக்கு மேல். அப்படின்னா நம்ம மல்லாட்டைதானே ஜெயிக்குது? இங்கேதான் சகோதரிகளே கவனிக்கணும்.

100 கிராம் பேஸ்டில் 10 முதல் 14 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 11 முதல் 14 மில்லிகிராம் துத்தநாகமும், குறைந்தது 300 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2007-இல் சொன்ன அளவு. வெறும் மல்லாட்டையில் இவை ஒவ்வொன்றும் அதில் பாதி தேறுவதே கஷ்டம். கண்ணுக்கு வேண்டிய விட்டமின் ஏ, ரத்தத்துக்கு வேண்டிய பி12, விட்டமின் சி மூன்றும் மல்லாட்டையில் இல்லை என்றே சொல்லலாம். மெலிந்த குழந்தை தேற வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. சதை வளரவும் நோயை எதிர்க்கவும் இந்தச் சத்துகள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும்.

பேஸ்டில் என்னென்ன சேர்க்கிறார்கள்? வழக்கமான செய்முறையில் 100 கிராமுக்கு மல்லாட்டை 25 கிராம்தான். பால் பவுடர் 30, சர்க்கரை 28, எண்ணெய் 15. மீதி ஒன்றரை கிராம் சொச்சம் விட்டமின், தாது உப்புக் கலவை. பேர்தான் மல்லாட்டை பேஸ்ட், உள்ளே நாலில் மூணு பங்கு வேறு பொருள்.

இது எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்வோம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்து, சத்துப் பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். தண்ணீர் சுத்தமில்லை என்றால் அந்தப் பாலே வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிடும். ஆந்த்ரே பிரியாண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1996 வாக்கில் அந்தப் பால் பவுடரை மல்லாட்டை விழுதோடு சேர்த்தார். இதில் தண்ணீரே கலப்பதில்லை. அதனால் கிருமி வளராது. அடுப்பு வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், தாய் வீட்டில் வைத்தே ஊட்டலாம். 2005-இல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் பட்டினி வந்தபோது இது ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றியது.

நம் நாட்டில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 2009-இல் பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் யுனிசெஃப் இதை இறக்குமதி செய்து கொடுத்தபோது, அனுமதி பெறவில்லை என்று மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. பாக்கெட் வந்தால் வீட்டுச் சாப்பாடும் தாய்ப்பாலும் பின்னுக்குப் போய்விடும், கம்பெனிகள் உள்ளே வந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அந்தப் பயத்தில் அர்த்தமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 மே 21 அன்று ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு உடனே உண்ணும் சிகிச்சை உணவும் சேர்க்கப்பட்டது.

யாருக்கு இது வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேல்கையை டேப்பால் அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான மெலிவு. இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, பசியே இல்லாமல் சாப்பிட மறுத்தாலோ, பாக்கெட்டை நம்பி வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலையில் ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள். கடைசிப் பெண் குழந்தைக்குத்தான் பாக்கெட். இனிப்பாக இருக்கிறதே என்று அண்ணன்கள் கை நீட்டுகிறார்கள். "ஒண்ணுக்குக் குடுத்துட்டு ரெண்டைப் பாக்க வச்சா மனசு கேக்குமா மேடம்?" என்று அந்தத் தாய் கேட்டார். எந்தத் தாய்க்கும் மனசு கேட்காதுதான். ஆனால் 500 கலோரியை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 170 கூட வராது. அண்ணன்களுக்குப் பசியும் அடங்காது, தங்கைக்கு உடம்பும் தேறாது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் மருந்தை மற்ற பிள்ளைகளுக்கும் பங்கு போடுவோமா? இதுவும் மருந்துதான். அண்ணன்களுக்கு அந்த நேரத்தில் ஒரு கடலை உருண்டையைக் கையில் கொடுத்து, தங்கைக்குத் தனியாக உட்கார்ந்து ஊட்டுங்கள்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் முதலில் தாய்ப்பால், பிறகுதான் பேஸ்ட். பேஸ்டில் தண்ணீர் இல்லாததால் தாகம் எடுக்கும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள். கேரளா, கர்நாடகா பக்கம் வேலைக்குப் போகிற குடும்பங்கள், கிளம்பும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதியில் விட்ட சிகிச்சை பலன் தராது.

சரி, மற்ற குழந்தைகளுக்கு? அவர்களுக்கு நம் வீட்டுச் சாப்பாடே போதும். மலையில் விளைகிற ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ராகிக் கூழோடு அரைத்த மல்லாட்டை, கூடவே முட்டை அல்லது பருப்பு, முருங்கைக்கீரை, ஒரு துண்டு பப்பாளி. அங்கன்வாடி சத்துமாவை மாட்டுக்கு வைக்காமல் குழந்தைக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. சின்னக் குழந்தைக்கு முழு மல்லாட்டை மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பூசணம் பிடித்த, சுருங்கிய கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் உருவாகும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது.

"இந்த பேஸ்டை நம்ம குழுவே செஞ்சு விக்கலாமா?" என்றும் கேட்டீர்கள். கடலை உருண்டை, ராகி மாவு தாராளமாகச் செய்யலாம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொண்டு. சிகிச்சை பேஸ்ட் வேண்டாம். விட்டமின் கலவை துல்லியமாக இருக்க வேண்டும், ஈரப்பதம் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் போகக் கூடாது, பூசண நஞ்சுக்கு ஒவ்வொரு தடவையும் பரிசோதனை வேண்டும். நாம் மிக்ஸியில் அரைத்து அந்தப் பேரில் விற்றால், அதை நம்பி ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்.

ஆகவே சகோதரிகளே, ஒவ்வொரு குழுவும் இந்த மாதம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, உறுப்பினர் வீட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் அங்கன்வாடியில் கை அளவு எடுக்கச் சொல்லுங்கள், அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இரண்டு, பாக்கெட் வாங்குகிற வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தவணை பாக்கி வந்தால் வீடு தேடிப் போகிறோமே, அதே அக்கறையோடு இதற்கும் போவோம்.